நூதனசாலைக்குப் பின்னால் ஒழுகாத லயம்

நமுனுகுல மலையடித் தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை இருந்த பழைய பங்களாவை நூதனசாலையாக, அதாவது அருங்காட்சியகமாக மாற்றியபோது, தொழிலாளர் வாழ்க்கையையும் கொஞ்சம் காட்டவேண்டுமென்று யாருக்கோ தோன்றிவிட்டது. தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டுக்கு மாதிரியாக, பங்களாவின் பின்பக்கத்தில் ஒரு லயம் எழும்பியது. ஒரேயொரு காம்பரா அறை. வெள்ளையடித்த சுவர், புதுத் தகரம், குழாயைத் திறந்தால் தண்ணீர். அதைக் கூட்டித் துடைக்கும் வேலை இராக்கம்மாவுக்குக் கிடைத்தது. முதல் நாள் உள்ளே போனவள் கூரையை அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். எந்த இடுக்கிலும் வானம் தெரியவில்லை.

ஐப்பசி மழை கொட்டியது. இராக்கம்மா குடியிருந்த லயத்துக்கு மேலே மலைமண் வெடித்திருக்கிறது, எந்நேரமும் சரியலாம், எல்லாரும் வெளியேறுங்கள் என்று கிராம சேவகர் வந்து சொல்லிவிட்டுப் போனார். எங்கே போவதென்று சொல்லவில்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் கால் நீட்ட இடமில்லை. இராக்கம்மா புருஷன் இராசையாவோடும் சட்டிபானையோடும் மாதிரி லயத்தில் குடியேறினாள். சாவி அவளிடந்தானே இருந்தது.

மறுநாள் காலையில் பதுளையிலிருந்து வந்த நூதனசாலைப் பொறுப்பாளர் ஷுக்ரி, புகையைக் கண்டு ஓடி வந்தார்.

"என்ன இராக்கம்மா இது! காட்சிக்கு வச்ச எடம்!"

"ஒன்னையும் தொடல சேர். அம்மியில மட்டும் கொஞ்சம் சம்பல் அரைச்சேன்."

அவர் மேற்கொண்டு கத்துவதற்குள் ஒரு வேன் நிறைய வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். இராக்கம்மா றொட்டி சுடுவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். பாதிச் சவரத்தில் நின்ற இராசையாவை வளைத்து வளைத்துப் படமெடுத்தார்கள். ஷுக்ரியின் கோபம் இறங்கிவிட்டது. மாலைக்குள் வாசலில் பலகை தொங்கியது: 'உயிருள்ள கண்காட்சி'.

அடுத்து கொழும்பிலிருந்து நிபுணர் குழு வந்தது. அதில் ஓர் அம்மா சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "தத்ரூபமா இல்லையே. லயம்னா ஒழுக வேணாமா?"

ஷுக்ரி ஆள் பிடித்துத் தகரத்தில் ஓட்டை போட்டார். அளவான ஓட்டைகள்தான். காட்சிப் பொருட்கள் நனையாதபடி, படுக்கிற இடத்துக்கு மேலே மட்டும்.

அன்று மத்தியானமே மழை. பாய் தெப்பமாக நனைந்தது. சொந்த லயம் ஒழுகியபோதுகூட இராக்கம்மாவுக்கு இப்படிப் பற்றிக்கொண்டு வந்ததில்லை. அது தானாகக் கெட்ட கூரை. இராசையாவை இழுத்துக்கொண்டு நேரே பங்களாவுக்குள் போனாள். துரையின் கட்டிலைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். கூச்சத்தில் நெளிந்த மனுஷனை மெத்தையில் படுக்க வைத்தாள்.

ஷுக்ரி பதறினார். "எழும்புங்க, சனம் வருது!"

"வரட்டும் சேர். லயத்துல நாங்க இருந்தா உயிருள்ள கண்காட்சி. இங்க இருந்தா மட்டும் என்னங்க?"

வாசலில் வேன் சத்தம் கேட்டது. ஷுக்ரி ஏணியைத் தேடி ஓடினார். மிச்சமிருந்த புதுத் தகரங்களைத் தூக்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில் தானே மாதிரி லயத்தின் கூரையில் ஏறினார். இராக்கம்மா பங்களா யன்னலில் நின்று, "இன்னும் கொஞ்சம் மேல இழுங்க சேர்" என்று கைகாட்டினாள்.

ஒழுகிய அன்றைக்கே லயத்துக் கூரையைத் திருத்திக் கொடுத்தது அந்தத் தோட்டத்தில் அதுவே முதல் தடவை. ஆனால், இராசையாதான் கட்டிலை விட்டு எழும்ப மாட்டேனென்று சொல்லிவிட்டார்.