தெரியாது என்று அழுத்து

புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் எல்லோருடைய போனும் நான்காவது டிரம்முக்குள் போய்விடும்.

அது அவளுடைய யோசனை. சலவைக் கூடத்தில் வரிசையாக நின்ற இயந்திரங்களில் நான்காவது பழுதாகி வெகுநாளாயிற்று. உள்ளே கனமான எஃகு டிரம். கண்ணாடிக் கதவைச் சுற்றித் தடித்த ரப்பர். உள்ளே வைத்துச் சாத்திவிட்டால் நாம் பேசுவது போனுக்குக் கேட்காது என்றாள். முப்பது பேரும் ஒரு தலையணை உறைக்குள் போன்களைப் போட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு, துணி மடிக்கும் மேசையைச் சுற்றி நின்று பேசினார்கள்.

பேசியது ஒரு விசிறியைப் பற்றி. கறை எடுக்கும் அறையில் மருந்துப் புகை வெளியே போக விசிறி கிடையாது. அவள் கணவன் பதினோரு வருடம் அந்த அறையில் இருந்தான். இப்போது வீட்டில் இருக்கிறான். படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருப்பதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறான். வாடகை சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது வரும்வரை உதடு நீலமாகிறது. காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுத்துக் கொடுக்கும் ஒரு மிஷின் இருக்கிறது, அதைத் தவணையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

தவணைக்கு விண்ணப்பித்தாள். போனிலேயே பதில் வந்தது. மறுக்கப்பட்டது.

கடன் கம்பெனியின் கிளை சாலைக்கு எதிர்ப்புறம் இருந்தது. டை கட்டிய ஓர் இளைஞன் அவளுக்கு நாற்காலி காட்டினான். அவன் மேசையில் பேனா கூட இல்லை. ஒரு திரை மட்டும்.

"மேடம், பணம் கட்டுறதுல நீங்க தங்கம். ஒரு தவணை கூடத் தள்ளிப் போனதில்ல."

"அப்புறம் ஏன் சார் இல்லைன்னு வந்துச்சு?"

"சிஸ்டம் மூணு விஷயம் பார்க்கும். பணம் எப்படிக் கட்டுறீங்க. போனை எப்படி வச்சிருக்கீங்க. சார்ஜ் தீர விடுறீங்களா, விண்ணப்பத்துல பேரை ஒரே மூச்சுல அடிக்கிறீங்களா, அடிச்சு அடிச்சு அழிக்கிறீங்களா, எல்லாம் மார்க். மூணாவது, யார்கூட இருக்கீங்க."

"யார்கூட இருக்கேன்னா?"

அவன் சொல்லைத் தேடினான். "சேர்க்கை."

கெட்டுப்போகிற பிள்ளைகளைப் பற்றி அம்மாக்கள் சொல்லும் சொல். அவளே தன் மகனைப் பற்றி ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

"எனக்கு நாப்பத்தாறு வயசு சார். என் சேர்க்கை சரியில்லைங்கறீங்களா?"

"நான் சொல்லல மேடம். சிஸ்டம் சொல்லுது."

திரையை அவள் பக்கம் திருப்பினான். மேலிருந்து பார்த்த படம். சலவைக் கூடத்தின் தகரக் கூரையை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. கூரையின் ஒரு மூலையில் சிவப்புப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன.

"புதன்கிழமை மத்தியானம். முப்பது போன். அசையவே இல்ல. மனுஷன் கையில இருக்கிற போன் அப்படி இருக்காது. ஊர்ப்பட்ட போனை வாங்கி, பொய்ப் பேர்ல லோன் எடுக்கிற கூட்டம்தான் இப்படிக் குவிச்சு வைக்கும்னு சிஸ்டத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கு."

டிரம் பேச்சைத்தான் தடுத்தது. இடத்தை மறைக்கவில்லை. ஒளித்து வைத்ததாலேயே முப்பது பேரும் ஒரே முடிச்சாகிவிட்டார்கள். அவளுக்குக் காது சுட்டது.

"இந்தப் படத்தை வேற யார் பார்ப்பாங்க?"

"நாங்க மட்டும்தான்."

"வேற?"

"சட்டப்படி கேட்டா கொடுக்கணும்."

"யார் கேட்டா?"

"கேட்கிற இடத்துல இருக்கிறவங்க கேட்டா" என்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

போன வாரம் மேனேஜரோடு ஓர் அரசாங்க அதிகாரி வந்திருந்தார். சலவைக் கூடத்துக்குள் அதற்கு முன் கால் வைத்திராதவர். யாரிடமும் வழி கேட்கவில்லை. நேராக நான்காவது இயந்திரத்திடம் போனார். கதவைத் திறந்தார். அன்று செவ்வாய்க்கிழமை, உள்ளே ஒன்றும் இல்லை. "ரிப்பேரா?" என்று மட்டும் கேட்டார். பிறகு மடிக்கும் மேசையைச் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுப் போனார். எவனோ காட்டிக்கொடுத்துவிட்டான் என்று கூடமே ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டது. காட்டிக்கொடுத்தது எது என்று இப்போது தெரிந்தது.

"இதைச் சரி பண்ண முடியாதா சார்?"

"ரொம்ப ஈஸி மேடம்." அவன் முகம் மலர்ந்தது. "ஆப்பைத் திறங்க. ஒவ்வொருத்தர் படமா வரும். இவரை உங்களுக்குத் தெரியுமான்னு கேட்கும். தெரியாதுன்னு அழுத்துங்க. அவங்க தெரியும்னு அழுத்தலைன்னா அந்தத் தொடர்பு அறுந்துடும். உங்க மார்க் ஏறும், அவங்க மார்க் இறங்கும்."

"மனுஷன் யாராவது சொன்னா ஆகாதா? நான் ஒழுங்கானவள்னு?"

"ஒரே ஒரு கட்டம் இருக்கு. ‘கிளை ஊழியர் நேரில் அறிந்தவர்’னு. அதுல நான் டிக் போடணும்." கையை விரித்தான். "ஆனா எனக்கு உங்களைத் தெரியாதே மேடம்."

வீட்டில் ஆப்பைத் திறந்தாள். முதல் படமாகக் கணவன் வந்தான். நல்ல உடம்போடு இருந்த காலத்துப் படம். கீழே பச்சையில் தெரியும், சிவப்பில் தெரியாது.

அவன் மூக்கில் குழாயோடு எட்டிப் பார்த்தான்.

"யார் இந்த அழகன்?"

"சும்மா இருங்க."

"என் மார்க் எவ்வளவு?"

"இருக்கிறதுலயே கம்மி. சலவைக் கம்பெனி மேல புகார் கொடுத்தீங்கல்ல, அப்புறம் கட்டாம விட்ட ஆஸ்பத்திரி பில்லு."

"அப்ப அழுத்துடி. தெரியாதுன்னு அழுத்து."

"பேசாம இருங்கன்னேன்."

"மிஷின் வரட்டும். வந்தப்புறம் நிதானமாத் தெரிஞ்சுக்கலாம்." சிரிக்கப் போய் இருமல் வந்தது. இருமல் நிற்க நெடுநேரமாயிற்று. அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவள் அழுத்தவில்லை. தெரியும், தெரியாது இரண்டையும் அழுத்தவில்லை. மறுநாள் காலை பார்த்தபோது மார்க் இன்னும் இறங்கியிருந்தது. பன்னிரண்டு பேர் அவளைத் தெரியாது என்று அழுத்தியிருந்தார்கள். யார் யார் என்று ஆப் சொல்லவில்லை.

அவள் மடிக்கும் மேசைக்குப் போய்ப் போனைப் பொத்தென்று வைத்தாள்.

"யாருக்கெல்லாம் என்னைத் தெரியாது?"

படுக்கை விரிப்பு மடிக்கிறவள் ஒருத்தி. குரல் அப்படி என்பதால் எல்லோரும் அவளை சைரன் என்பார்கள். அன்று சைரனுக்கே குரல் எழும்பவில்லை.

"நான் அழுத்திட்டேன் அக்கா."

"நீயா?"

"வீடு மாறணும். வீட்டுக்காரர் மார்க் கேட்கிறார். அறுநூறுக்குக் கீழ இருந்தா சாவி கிடையாதுங்கறார். நான் என்ன பண்ண?"

"விரிப்போட அந்த முனையை நீ பிடிக்கிற, இந்த முனையை நான் பிடிக்கிறேன். மூணு வருஷம். தெரியாதா என்னை?"

"திட்டு அக்கா. நல்லாத் திட்டு."

"திட்டி என்ன ஆகப் போகுது? வெட்கமா இல்ல உனக்கு?"

"இருக்கு. அதைத் தூக்கி எங்க போடுறதுன்னுதான் தெரியல." சைரன் விரிப்பை உதறினாள். குரல் திரும்பி வந்துவிட்டது. "ஏன், நீ மட்டும்தான் உயிரைக் கையில பிடிச்சிட்டு இருக்கியா? எனக்குக் குழந்தை குட்டி இல்லையா? டிரம்முக்குள்ள போடுன்னு சொன்னது யாரு? நீதானே?"

அவள் விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் மடித்தார்கள். நான்காவது விரிப்பில் அவள் கேட்டாள்.

"பக்கத்துல பக்கத்துல கிடந்தாலே சேர்க்கைதானே?"

"அப்படித்தான் சொன்னானாமே அந்த டை."

"டை எங்க சாப்பிடுறான்?"

சைரன் விரிப்பைக் கீழே விட்டாள்.

டை கட்டியவன் தினமும் தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில், கடைசி மேசையில் சாப்பிட்டான். போனைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து வைத்துக் கிரிக்கெட் பார்ப்பான். பக்கத்து மேசைக்கும் அவன் மேசைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. புதன்கிழமைகளில் அந்த மேசையில் அவள் உட்கார ஆரம்பித்தாள். மடியில் கனமான ஒரு தலையணை உறை. சலவைக் கூடத்தில் மற்றவர்கள் நிம்மதியாக விசிறியைப் பற்றிப் பேசினார்கள்.

முதல் தடவை அவன் கேட்டான். "என்ன மேடம், மூட்டை?"

"துணி சார். வெள்ளைத் துணி. கீழ வச்சா அழுக்காகும்."

ஐந்தாவது புதன்கிழமை அவன் அவளுக்குப் புன்னகை செய்தான். ஏழாவதில் வரவில்லை. மறுநாள் போன் செய்தான். குரல் உடைந்திருந்தது. மேடம், கொஞ்சம் கிளைக்கு வர முடியுமா.

வேலை முடிந்ததும் போனாள். சைரன் கூட வந்தாள். பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். நீராவியும் சோப்பும் கலந்த வாடை ஏசி அறையை நிறைத்தது. நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள்.

டை கட்டியவன் தன் போனை நீட்டினான். அதில் அவள் படம். இவரை உங்களுக்குத் தெரியுமா?

"உங்க படம் ஏன் என் போன்ல வருது? இந்த அம்மா படம் வருது. அதோ நிக்கிறவங்க படம் வருது. முப்பது பேர்! என் மார்க் இருநூறு இறங்கிடுச்சு. தலைமை அலுவலகத்துலேருந்து மெயில். ஊழியர் மார்க் எழுநூறுக்குக் கீழ போகக் கூடாது, வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணல தம்பி. பக்கத்துல உட்கார்ந்தேன்."

அவள் அவனைத் தம்பி என்று கூப்பிட்டது அதுவே முதல் முறை.

"எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு, தெரியுமா?"

"சேர்க்கை சரியில்ல போல" என்றாள் சைரன். சுவரோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். சிவப்பை அழுத்தினான். தெரியாது.

எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷியைப் பார்த்துக்கொண்டே அழுத்தினான். வேலை போய்விடும் என்று பயந்தவன், அவ்வளவுதான். அது அவளுக்குப் புரிந்தது. ஆனால் புரிந்ததால் கோபம் குறையவில்லை.

திரையில் ஒரு வரி வந்தது. மறுதரப்பின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

அவள் தன் போனை எடுத்தாள். அவன் படம், டையோடு. பச்சையை அழுத்தினாள். மேசைமேல் இருந்த அவன் போன் அதிர்ந்தது.

"மேடம், வேண்டாம்."

சைரன் அழுத்தினாள். போன் அதிர்ந்தது. சுவரோரம் இருந்து ஒருவர். கதவருகே ஒருவர். ஒவ்வோர் அதிர்வுக்கும் போன் கண்ணாடி மேசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விளிம்புக்கு வந்தது.

"இது மேல போகும். நீங்க கூட்டமா வந்து மிரட்டினீங்கன்னு பேரோட போகும். விளையாட்டு இல்ல அக்கா."

"போயாச்சு தம்பி. எப்பவோ போயாச்சு. டிரம்மைத் தொறந்து பார்த்துட்டுப் போனாங்க. நான் தும்மினாத் தெரியுது, என் போன்ல சார்ஜ் தீர்ந்தாத் தெரியுது. என் வீட்டுல ஒரு ஆளு உட்கார்ந்தே தூங்குறாரே, அது மட்டும் யாருக்கும் தெரியல. அதை எந்தக் கட்டத்துல போடுவீங்க?"

அவன் போனைப் பிடித்து உள்ளே தள்ளி வைத்தான். மேசைத் திரையில் அவள் விண்ணப்பத்தைத் திறந்தான். வெறுமையாக இருந்த கட்டத்தில் அம்புக்குறி நின்றது.

"நேர்ல அறிந்தவர்னு போட்டா" என்றான், தனக்குள் கணக்குப் போடுகிறவனைப் போல, "இது வாடிக்கையாளர் தொடர்பு ஆயிடும். என் மார்க்ல சேராது."

"இவ்வளவு நாள் அது தெரியாதா உனக்கு?"

"உங்க ஒருத்தருக்குத்தான் போட முடியும்."

"மீதி இருபத்தொன்பது பேர் உன் போன்ல இருக்கோமே" என்றாள் சைரன். "அதை என்ன பண்ணுவே? குடும்பம் நடத்துவியா?"

அவன் டிக் போட்டான். உடனே கீழே இன்னொரு கட்டம் திறந்தது. அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"எவ்வளவு காலமாத் தெரியும்னு கேட்குது."

"என் வீட்டுக்காரர் உதடு முதல் தடவை நீலமான நாள்லேருந்துன்னு போடு."

"எண்தான் போட முடியும் அக்கா."

"அப்ப எண்ணிக்கோ."

அவன் ‘ஒரு வருடம்’ என்று போட்டு அனுப்பினான். அவள் எழுந்தாள். நன்றி சொல்லவில்லை. அந்த நாற்காலி ஆறுவதற்குள் சைரன் அதில் உட்கார்ந்து, போனை மேசைமேல் வைத்தாள்.

"என்னையும் உனக்கு நல்லாத் தெரியும். எழுது."