ஈரக் கை

பெட்ரோனா அத்தை இறந்தவரின் இடது கையில் உறையை மாட்டி முடித்துவிட்டாள். வலது கையில் சுண்டுவிரல் மட்டும் உள்ளே போக மறுத்தது. வியாழக்கிழமை விறைத்துப்போன விரல்கள் இந்தச் சனிக்கிழமை காலையில் தளர்ந்துதான் இருந்தன. ஆனாலும் இறந்தவர் கைக்கு உறை மாட்டுவது லேசான வேலையாக இல்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள் அத்தை. நெல்வா பிடித்துக்கொண்டாள். எட்டு மாதத்தில் தன் அப்பாவை அவள் தொடுவது இதுதான் முதல் தடவை.

வெள்ளைப் பருத்திக் கையுறை. பொலிவியாவின் சுக்ரே நகரத்தில் டெமெட்ரியோவைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவரை அந்தக் கையுறையோடுதான் தெரியும். பல்கலைக்கழகத்தின் அரிய நூல்களுக்கான நூலகத்தில் முப்பத்தொரு வருடம், சனிக்கிழமைதோறும் பத்து மணிக்கு, வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழைய புத்தகங்களைக் காட்டியவர். எல்லாவற்றையும் காட்டிவிட்டுக் கடைசியில் கையுறையை மாட்டுவார், ஒவ்வொரு விரலாக, பூசைக்கு உடுத்திக்கொள்ளும் பாதிரியார் மாதிரி நிதானமாக. பிள்ளைகள் அதைப் பார்க்கவே வருவார்கள். அப்புறம்தான் மூலிகைப் புத்தகம் திறக்கும். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு துறவி கையால் வரைந்த செடிகள் அதில் இருந்தன.

நெல்வா வெளிநாட்டில் பழைய ஏடுகளைப் பாதுகாக்கப் படித்துவிட்டு அதே நூலகத்துக்கு வேலைக்கு வந்தாள். வந்த முதல் வாரமே சொன்னாள்: கையுறை போட்டால் தாளின் முனை விரலுக்குத் தெரியாது, நன்றாகக் கழுவித் துடைத்த வெறுங்கைதான் புத்தகத்துக்குப் பத்திரம். நீ தவழ்ந்த காலத்திலிருந்தே நான் புத்தகம் புரட்டுகிறேன் என்று அப்பா சிரித்தார். போன நவம்பரில், நாற்பது பேர் முன்னால், அவர் கையுறையின் பருத்தி நூல் தாளின் ஓரத்தில் மாட்டி, ஒரு நீலப் பூவின் நடுவே பக்கம் கிழிந்தது.

யார் கிழித்தது, எப்படி என்று நெல்வா இயக்குநருக்கு எழுதிக் கொடுத்தாள். எழுதாமலே இருந்திருக்கலாம். சத்தமில்லாமல் ஒட்டிவிட அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் நேர்மையானவள், அந்த நேர்மையில் கொஞ்சம் வீம்பும் கலந்திருந்தது. டெமெட்ரியோவை வாசல் காவலுக்கு மாற்றினார்கள். சனிக்கிழமைச் சுற்று மகள் கைக்கு வந்தது. வந்தவர்கள் தாங்களே ஒரு தாளைப் புரட்டிப் பார்க்கலாம் என்ற புது வழக்கத்தையும் அவள் கொண்டுவந்தாள்.

அம்மா இல்லாத வீடு. உப்பை எடு, கதவைச் சாத்து என்பதைத் தவிர அப்பாவும் மகளும் அதற்குப் பிறகு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை வாசல் நாற்காலியிலேயே அவர் சாய்ந்துவிட்டார். மன்னித்தாரா இல்லையா என்று கேட்க இனி ஆள் இல்லை. இரண்டு நாளாக நெல்வாவின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

சுண்டுவிரல் ஒருவழியாக உள்ளே போனது. களைப்புத் தெரியாமலிருக்கக் கோக்கா இலையை மென்றபடி சுவரோரம் நின்ற தம்பி வில்சன், "இதையும் கழட்டணும்னு எழுதிக் குடுத்துறாத அக்கா" என்றான்.

அத்தை அவனை முறைத்தாள். கழற்ற வேண்டும் என்றுதான் நெல்வாவுக்கும் தோன்றிக்கொண்டிருந்தது. அப்படித் தோன்றுவதே அவளுக்குக் கூசியது.

வேலை பார்த்த இடத்தில் சவப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான் கல்லறைக்குப் போவது வழக்கம். ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து நூலக முற்றத்துக்கு வந்தார்கள். குழாயடிக்குப் பக்கத்தில் இரண்டு பெஞ்சின் மேல் பெட்டியை வைத்து, கடைசியாகப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று மூடியை எடுத்தார்கள். இயக்குநர் உர்கிதி பேசினார். கையுறையைப் பற்றி உருக்கமாகப் பேசினார். வாசல் நாற்காலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சனிக்கிழமைக் கூட்டம் வந்து சேர்ந்தது. பத்து மணிச் சுற்று கிடையாது என்று வாசலில் தாள் ஒட்ட யாருக்கும் ஞாபகமில்லை. வழக்கமாக ஒட்டுகிறவர் பெட்டிக்குள் இருந்தார். பதினைந்து பேர் இருக்கும். மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட இயக்குநர் கிளம்பினார்.

அதற்குள் முன்னால் வந்த ஒர்த்தென்சியா பெட்டியைப் பார்த்து நின்றுவிட்டாள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, மாதம் தவறாமல் வருகிறவள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பிறகு நேரே குழாயடிக்குப் போய், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கை கழுவினாள். கைக்குட்டையால் விரலிடுக்கெல்லாம் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, பெட்டிக்கு முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினாள். முதலில் உள்ளங்கை, அப்புறம் புறங்கை. அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குழாயடிக்குப் போனார்கள்.

"என்ன டீச்சர் இது?" என்று கேட்டாள் நெல்வா.

"உனக்குத் தெரியாதா? கையக் காட்டாம அவர் யாரையும் உள்ள விட்டதில்லம்மா. சோப்புகூட அவரே வாங்கி வச்சிருப்பார். லேசா ஈரம் இருந்தாலும் திருப்பி அனுப்பிருவார். 'உள்ள என் பொண்ணு இருக்கா, அவ புத்தகத்துக்கிட்ட ஈரக் கையோட போகக்கூடாது'ம்பார்."

நெல்வா குழாயடியைப் பார்த்தாள். எட்டு மாதமாக வந்தவர்கள் எல்லாருடைய கையும் சுத்தமாகத்தான் இருந்தது. கை கழுவச் சொல்லித் தான் கதவில் ஒட்டிய அறிவிப்பைப் படித்துவிட்டு வருகிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். ஒட்டுப்போட்ட பக்கத்தைக் காட்டி, ஓர் ஊழியர் கையுறையோடு புரட்டியதால் கிழிந்தது என்று சனிக்கிழமைதோறும் அவள் சொல்வதுண்டு. பெயரைச் சொல்லாததைத் தன் பெருந்தன்மை என்றும் நினைத்திருந்தாள்.

"கிழிஞ்ச பக்கத்தப் பத்தி ஏதாவது சொல்லுவாரா?" என்றாள்.

ஆசிரியை கைக்குட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள். "கிழிச்சது நான்தான்னு மொதல்லயே சொல்லிருவார். ஏன் கிழிஞ்சதுன்னு அவ சொல்லுவா, நல்லாக் கேட்டுக்கங்கன்னு அனுப்புவார்."

இரண்டு நாளாக வராத அழுகை நெல்வாவுக்கு அப்போது வந்தது. அழுதுகொண்டே பெட்டியருகே போய், அப்பாவின் வலது கையுறையைச் சுண்டுவிரலிலிருந்து கழற்ற ஆரம்பித்தாள். அத்தை தடுக்க வந்தாள். வில்சன் அத்தையின் தோளைப் பிடித்து நிறுத்தினான். பிறகு அவனே ஒரு பூச்சாடியைக் காலி செய்து, குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். சோப்பு குழாய்த் திட்டின் மேலேயே இருந்தது, பாதி தேய்ந்து.

இடது கையுறையையும் கழற்றிவிட்டு, அவள் அப்பாவின் கைகளை ஒவ்வொன்றாகக் கழுவினாள். நகக்கண்ணையும் விரலிடுக்கையும் விடவில்லை. ஆசிரியை கைக்குட்டையைக் கொடுத்தாள். கல்லறையில் காத்திருப்பார்கள் என்று யாரோ மெதுவாக நினைவுபடுத்த, இரண்டு பேர் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"இருங்க" என்றாள் நெல்வா.

அப்பாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு புறங்கையை. சுண்டுவிரல் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தது.