தண்ணீரில் கலக்காத மருந்து

காலையில் எழுந்தான். பல் துலக்கினான். ஒருவருக்கு மட்டும் டீ போட்டுக் குடித்தான். கோழி ஷெட்டில் உமியைப் பரப்பினான், குஞ்சுகளுக்குச் சூடு தரும் பல்புகளைப் போட்டான், தண்ணீர்த் தொட்டியை நிரப்பினான். அடுத்து மருந்துப் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்ட வேண்டும். நோய் வருமுன்பே தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலப்பதுதான் அங்கே எல்லா ஷெட்டிலும் வழக்கம். நெருக்கியடித்து வளரும் கோழிகள் அது இல்லாமல் தாங்காது.

பொட்டலத்தைப் பிரிக்காமல் வெளியே வந்தான்.

குஞ்சு லாரி வந்து நின்றிருந்தது. பெட்டிகளுக்குள் ஒரே கீச்சொலி. ஷெட்டுக்குச் சொந்தக்காரரான மாமனார் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"மாமா, மருந்து கலக்கல. பாதிக் குஞ்சை மட்டும் இறக்குவோம். இடம் விட்டு, காத்தோட்டமா வளர்க்கலாம். நோய் வந்தா அப்போ வைத்தியம் பாப்போம்."

"பாதிக் குஞ்சை வச்சுக்கிட்டு நாம ரெண்டு பேரும் பாதி வயித்துக்குத்தான் சாப்பிடணும், மாப்ள."

"இப்போ மட்டும் என்ன, முழு வயித்துக்கா சாப்பிடறோம்?"

சிரிக்க வாய் திறந்த டிரைவர் இருமிவிட்டு, டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டான்.

போன முறை நோய்ப்பட்ட கோழியைப் பிடிக்கும்போது அவன் மனைவியின் கையைக் கம்பி கீறியது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். புண் சீழ் பிடித்து ரத்தத்தில் ஏறியது. டாக்டர் மருந்தை மாற்றி மாற்றிப் போட்டார். கிருமி எதற்கும் மசியவில்லை. தினமும் கலக்கும் மருந்துக்குப் பழகிப்போய் ஷெட்டிலிருந்து வந்த கிருமியா என்று கேட்டதற்கு, "இருக்கலாம்" என்றார். படித்தவன்; அந்த 'இருக்கலாம்' அவனுக்குப் போதும். மகளைப் பறிகொடுத்தவருக்குப் போதவில்லை.

மாமனார் அவனை ஓரமாக அழைத்துப்போனார்.

"இது அவ ஆசையா? கடைசியா இதைத்தான் கேட்டான்னு சொல்லுங்க. நான் மறுபேச்சே பேச மாட்டேன்."

தலையை ஆட்டினால் போதும், காரியம் முடிந்துவிடும்.

"இல்ல மாமா. இது நான் கேக்கறது."

அவர் தீவன மூட்டைமேல் உட்கார்ந்தார். மூட்டையின் தையலை விரலால் நெருடிக்கொண்டே இருந்தார். பிறகு டிரைவரைப் பார்த்துக் கத்தினார்.

"பாதிப் பெட்டியை இறக்குப்பா. மீதியை வேற யார் தலையிலயாவது கட்டு!"

குரல் தணிந்தது. "அப்போ கடைசியா என்னதான் சொன்னா?"

அவன் அப்படியே சொன்னான்.

"'போய் முகத்தைக் கழுவிட்டு வா. பாக்கறவங்க உன்னைத்தான் நோயாளின்னு நினைக்கப் போறாங்க.'"