முளைக்காத தட்டு

...இல்லை, விளக்கருகே சாய்த்துப் பார்த்தாலும் ஒன்றுமில்லை, நேற்று இதே ஆய்வகத்தில் தன் மகளின் சிறுநீரைத் தடவி வைத்த கிருமி வளர்ப்புத் தட்டு வழித்துவிட்டதுபோல் கிடந்தது, ஒரே ஒரு கிருமிப் புள்ளி முளைத்திருந்தால் போதும், அது எந்த மருந்துக்கு அடங்கும், எதை மதிக்காது என்று நாளைக்குள் சொல்லிவிடலாம், மேல்மாடி வார்டில் டாக்டர் அதற்குத்தான் காத்திருக்கிறார், ஆறு வயதுக்குள் ஒரு சிறுநீரகத்தில் தழும்பு விழுந்தாயிற்று, இந்தத் தடவை குத்துமதிப்பாக மருந்து கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறதம்மா என்றாரே... பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்து, "இந்தச் சுத்தத்துக்கு உன் வீட்டு அடுக்களை தோத்துச்சு போ" என்றாள், யாருடைய தட்டு என்று தெரியாமல். இவளும் சிரித்து வைத்தாள். ஆனால் நேற்று அதே சிறுநீரில் ஒரு துளியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது இளஞ்சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள் மொய்த்தனவே, சீழ் அணுக்கள் வேறு, அங்கே அத்தனை இருந்து இங்கே ஒன்றுகூட இல்லையென்றால்? செத்த கிருமியும் நுண்ணோக்கியில் தெரியும், தட்டில் முளைக்காது. மாதிரி எடுக்கும் முன்பே யாரோ மருந்து கொடுத்திருக்கிறார்கள்... யாரோ என்ன யாரோ, வீட்டில் இருப்பதே மூன்று பேர். பிரிட்ஜில் போன தடவை மிச்சமான மருந்து, கணவரிடம் கொட்டிவிடுங்கள் என்றாள், கொட்டியாச்சு என்றார், எதுவும் கொடுத்தீர்களா என்று நேற்றுக் கேட்டதற்கும் கண்ணைப் பார்த்து இல்லை என்றார், பொய் சொல்கிறவர்களைத் தட்டே காட்டிக்கொடுத்துவிடும் என்று இவள் வீட்டில் கதை சொல்லும்போதெல்லாம் கூடவே சிரித்த மனிதர்.

போனில் அவர் மறுக்கக்கூட இல்லை. "ரெண்டு வேளைதான் குடுத்தேன். காச்சல் கொதிச்சுது, நீ டியூட்டில இருந்த."

"கேட்டப்ப சொல்லியிருக்கலாமேங்க."

"சொன்னா உங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற ஆளுங்கள மாதிரி என்னையும் நிக்க வெச்சு விசாரிப்ப."

பன்னிரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, இவள் அவருக்கு ஒரு விசாரணைக்காரியா? குழந்தையின் சிறுநீரகத்தைவிட இவள் வாய்க்குத்தான் பயமா... மாடிப்படி ஏறினாள், டாக்டரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும், இனி அவர் குருட்டாம்போக்கில்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதிப் படியில் கால் நின்றது. மருந்து குடிச்சியா கண்ணு என்று நேற்றுக் குழந்தையிடமும் கேட்டாள் அல்லவா, அது முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தது, பிறகுதான் இல்லையென்று தலையாட்டியது, அந்தப் பார்வையை இவள் கண்டாள், நன்றாகவே கண்டாள்... கண்டுவிட்டுத்தான் சோதனைச் சீட்டில் 'மருந்து கொடுக்கப்படவில்லை' என்று தன் கையால் எழுதினாள்.