கவுன்சிலர் கொடுத்த புகார்

நூலகத்துக்குள் போலீஸ் நுழைந்ததும் சுகந்திக்கு உள்ளங்கை வியர்த்தது. குன்னூர்க் குளிரில் ஒரு நூலகருக்கு வியர்க்க வேண்டுமென்றால், அரசு வேலைக்கு ஆபத்து வந்தால்தான் உண்டு.

வாசகர்களுக்கென்று அங்கே இரண்டு கணினிகள் இருந்தன. அவற்றிலொன்றில் உட்கார்ந்து யாரோ ஒரு புண்ணியவான், 'மலைக்குரங்கு' என்ற பெயரில் பேஸ்புக்கில் கவுன்சிலர் செல்லதுரையைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். 'வார்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. கவுன்சிலர் பர்லியார் பழப்பண்ணையில் மங்குஸ்தான் தின்கிறார்.' ஊரே சிரித்தது. செல்லதுரை புகார் கொடுத்தார். போலீஸ் தேடிப் பிடித்த இணைய இணைப்பு நூலகத்துடையது.

"யாரு உக்காந்தாங்கன்னு தெரியாதுங்களா மேடம்?" என்றார் ஏட்டு நஞ்சப்பன்.

எப்படித் தெரியும்? எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். அதையும் சுகந்தியே எழுதித் திரையின் மேல் ஒட்டியிருந்தார்.

அன்றே அதைக் கிழித்துப் போட்டார். உறுப்பினர்களுக்கு மட்டுமே கணினி, ஆளுக்கொரு கடவுச்சொல் என்று மாற்றினார். மலைக்குரங்கு அசரவில்லை. அடுத்த வாரமே எழுதியது: 'கவுன்சிலர் மீசைக்கு அடிக்கிற மையை ரோட்டுக்கு அடித்திருந்தால் பாதிக் குழி மூடியிருக்கும்.'

அந்தப் பதிவு வந்த நேரத்தில் கணினிக்குள் நுழைந்தது யார் என்று சுகந்தி பார்த்தார். விஜயா. செல்லதுரையின் மனைவி!

பத்திரிகை மேசையில் சமையல் குறிப்பு படித்துக்கொண்டிருந்தார் விஜயா. சுகந்தி குனிந்து, "ஏனுங்க்கா, நீங்களா?" என்றார்.

"நானேதானுங்க. ஊட்டுல சொன்னா டிவி சத்தத்தைக் கூட்டறாரு. இங்க எழுதினா மறுநாளே தண்ணி லாரி வருது."

"என் வேலை போயிருமேக்கா."

விஜயாவின் முகம் சுருங்கியது. "அதை நெனைக்கலியே கண்ணு. சரி, அவரை வரச் சொல்லுங்க."

செல்லதுரை ஏட்டையும் கூட்டிக்கொண்டு வந்து, வாசலிலேயே கத்தினார். "எவன்னு சொல்லுங்க மேடம்! உள்ள தள்ளாம விட மாட்டேன்."

"எவனும் இல்லீங்க. நாந்தான்" என்று எழுந்தார் விஜயா.

செல்லதுரை ஏட்டைப் பார்த்தார். ஏட்டு கூரையைப் பார்த்தார்.

"உள்ள தள்ளிரலாங்களா சார்?" நஞ்சப்பன் வெகு பணிவாகக் கேட்டார்.

"தாராளமா தள்ளுங்க. ராத்திரிச் சோத்துக்கு மட்டும் அவரை வேற எடம் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார் விஜயா.

புகார் அங்கேயே வாபஸ் ஆனது. சுகந்திக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. கூடவே கொஞ்சம் தைரியமும்.

"ஆனாலும் தப்பு தப்புதானுங்க்கா. மூணு மாசத்துக்கு நீங்க கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது."

விஜயா மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

செல்லதுரைதான் சுகந்தியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மேடம், அதை எலெக்சன் முடியற வரைக்கும்னு போட்டுருங்களேன்."