சனிக்கிழமை எண்ணெயும் இரண்டடிக் கடலும்

கபிலன் வீட்டுக்குக் கடல் வந்து மூன்று மாதம் ஆகிறது. ஃபேரர் பார்க்கில், எட்டாவது மாடியில், தொலைக்காட்சி இருந்த இடத்தில் இப்போது கடல் இருக்கிறது. இரண்டடிக் கண்ணாடித் தொட்டிதானே என்பார்கள் டேப் வைத்து அளக்கிறவர்கள். அளக்கிறவர்களுக்கு என்ன தெரியும்? முப்பத்தெட்டு வருஷம் ஜூரோங் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். கப்பலைத் தூக்கிய கை, கடலையும் கொஞ்சம் தூக்கி வீட்டுக்குள் வைத்துக்கொண்டது.

அந்தக் கடலில் நான்கு பாறை, கட்டைவிரல் உயரத்தில் ஒரு பவளம், ஒரு நத்தை, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டு. மீன் விடுவதற்கு முன் ஆறு வாரம் தண்ணீரையும் கல்லையும் மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பழுக்க வேண்டுமாம். அந்த ஆறு வாரமும் மனைவி அமலா சமையலறையிலிருந்து தினம் ஒரு தடவை கேட்பாள்:

"என்னங்க, கல்லு ஏதாச்சும் பேசுச்சா?"

மற்றபடி அவள் தொட்டிப் பக்கம் வருவதே இல்லை. வீட்டுக்கு வந்த இரண்டாம் தாரத்தைப் பார்ப்பதுபோல் தூரத்தில் இருந்து ஒரு பார்வை, அவ்வளவுதான்.

கடலுக்குக் குரு, மார்சிலிங்கில் மீன் கடை வைத்திருக்கும் அப்துல் கஃபார். ஒருநாள் கபிலன் அவருக்குப் போன் போட்டு, "பாய், பாறைக்குள்ள பாம்பு! முழ நீளம்! என்னைப் பாத்துச் சீறுது!" என்றார். பாவம் மனிதர், கடையைச் சாத்திவிட்டு, நீளமான இடுக்கியோடு எம்.ஆர்.டி. ரயில் ஏறி வந்து இறங்கினார். அரை மணி நேரம் தேடியதில் தையல் நூல் பருமனில் ஒரு புழு கிடைத்தது. ஓர் அங்குலம். அதுவும் யாரையும் ஒன்றும் செய்யாத புழு.

"அண்ணே, இனிமே நீங்க எது சொன்னாலும் பத்தால வகுத்துட்டுத்தான் கேப்பேன் லா," என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை வந்தது.

சனிக்கிழமை காலை என்றால் கபிலனுக்கு எண்ணெய்க் குளியல். அமலா நல்லெண்ணெயை இளஞ்சூடாகக் காய்ச்சிக் கொடுப்பாள். அவர் உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு, பழைய கைலியோடு அரை மணி நேரம் ஊறுவார். அந்த நிலையில் அவரை யாராவது லேசாகத் தள்ளினால் சிராங்கூன் சாலை முழுவதும் வழுக்கிக்கொண்டே போய் மெரினா பேயில்தான் நிற்பார்.

ஊறியபடியே தொட்டிக்குள் பார்த்தார். நத்தை மணலில் மல்லாந்து கிடந்தது. அந்த ஜாதி நத்தை தானாகப் புரளாது, அப்படியே கிடந்தால் செத்துப்போகும் என்று கஃபார் சொல்லியிருந்தார். கபிலன் யோசிக்கவே இல்லை. மூடியைத் திறந்தார், தோள்பட்டை வரை கையை விட்டார், நத்தையைப் புரட்டி வைத்தார். ஓர் உயிரைக் காப்பாற்றிய பெருமையோடு கையை வெளியே எடுத்தார்.

கை வந்தது. எண்ணெய் வரவில்லை.

தண்ணீரின் மேல் வானவில் விரிந்தது. அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் குழாயில் நுரை பொசுக்கென்று அடங்கியது. கால் மணி நேரத்தில் மீன் இரண்டும் மேலே வந்து, வாயைப் பிளந்து பிளந்து மூடின. எண்ணெய் தண்ணீரைப் போர்வை மாதிரி மூடிவிட்டது, மூச்சுக்காற்று உள்ளே இறங்கவில்லை என்பது கிரேன் ஓட்டியவருக்கும் புரிந்தது. இப்படியே விட்டால் இரண்டும் மத்தியானத்தைப் பார்க்காது.

அமலாவுக்குக் கேட்காமல் தாழ்ந்த குரலில் போன் போட்டார். "எண்ணெயோட எதையும் தொடாதீங்க" என்று வாரா வாரம் சொல்கிறவள் அவள்.

"பாய், மீன் ரெண்டும் மேல வந்து வாயத் தொறக்குது."

"தண்ணில ஏதாச்சும் விழுந்துச்சா அண்ணே?"

"ஒண்ணுமில்ல… ஒரு சொட்டு எண்ணெய் விழுந்திருக்கும்போல."

"ஒரு சொட்டா? பத்தால வகுத்தா மிச்சமே இல்லையே! பசியா இருக்கும், விடுங்க லா."

கடைக்கு ஆள் வந்துவிட்டதுபோல. கஃபார் போனை வைக்கப் போனார். பெரிய மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆயுளில் முதல் தடவையாகக் கபிலன் எதையும் ஊதாமல், எதையும் அமுக்காமல், உள்ளதைச் சத்தமாகச் சொன்னார்:

"வெச்சிராதீங்க பாய்! தோள் வரைக்கும் நல்லெண்ணெய் தேச்ச கை. முழுக் கையையும் உள்ள விட்டுட்டேன். பொய்யில்ல பாய், செத்துரும்."

கஃபாரின் குரல் மாறியது.

"பம்ப்பை நிறுத்துங்க. எண்ணெய் உறிஞ்சுற தாளைத் தண்ணி மேல விரிச்சு விரிச்சு எடுக்கணும். நீங்க தொடாதீங்க. வீட்ல வேற யாரு இருக்கா?"

வேறு யார்? அமலா சீயக்காய்க் கிண்ணத்தோடு பின்னாலேயே நின்றிருந்தாள். தோள் வரைக்கும் என்ற இடத்திலிருந்து எல்லாம் கேட்டாயிற்று.

"நகருங்க," என்றாள். கிண்ணத்தை வைத்தாள், பம்ப் சுவிட்சை அணைத்தாள், வளையலைக் கழற்றினாள், கையைக் கழுவப் போனாள்.

"சோப்பு வேணாங்கக்கா, வெறும் தண்ணில கழுவுங்க!" என்று, அதற்குள் கபிலன் ஸ்பீக்கரில் போட்டு வைத்த போன் கத்தியது.

"தெரியும் தம்பி."

வடை போட்டு எடுத்து வைக்கும் தாள் சுருளைக் கொண்டுவந்தாள். ஒரு தாளைத் தண்ணீர்மேல் படுக்கவைத்தாள். மூன்று எண்ணினாள். ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தெடுத்தாள். வானவில்லில் ஒரு துண்டு தாளோடு வந்தது. மறுபடி ஒரு தாள். அவசரமே இல்லை. ஆயிரம் வடையின் எண்ணெயை வாங்கிய கை அது. ஆயிரமா, லட்சம்! கபிலன் இரண்டு கையையும் ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு, போலீசிடம் பிடிபட்டவர்போல் ஓரமாக நின்றார்.

"பம்ப்போட வாயை மேல பாக்கத் திருப்பி ஓட விடுங்கக்கா. தண்ணி புரளட்டும்," என்றார் கஃபார்.

இருபத்திரண்டாவது தாளில் தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது. பம்ப் ஓடியது, மேற்பரப்பு சிறு அலையாகப் புரண்டது. சாய்ந்திருந்த மீன் நிமிர்ந்தது. சிறிது நேரம் கழித்து இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பவளத்தடிக்கு இறங்கின. அமலா திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்தாள்.

"இதுல ஆம்பளை எது?"

"சின்னது. பெருசு பொம்பளை. பெருசு விரட்டுற பக்கம்தான் சின்னது போகும்."

"நிஜமாவா?"

"நிஜமா அமலா. நானா சேத்துச் சொல்லல."

அமலா வெகுநேரம் தொட்டியைப் பார்த்தாள். பெரிய மீன் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. சின்னது அவசரமாக வழிவிட்டு ஒதுங்கியது.

"நல்ல குடும்பம்," என்றாள். "எண்ணெய் காயுது. போய்க் குளிங்க."

கபிலன் சீயக்காய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார்.