பிள்ளைகளுக்கு ஒரு நுள்ளு வளம்

கொட்டாரம் சந்திப்பில் உரக்கடை வைத்திருக்கும் சுந்தர்சிங்குக்கு முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் அமையவில்லை. ஆள் பார்க்க நன்றாகத்தான் இருப்பான். பெண் வீட்டார் வருவார்கள், சாயா குடிப்பார்கள், பையன் தங்கம் என்பார்கள். நாலு நாள் கழித்து தரகர் வந்து, பெண்ணுக்கு உரக்கடை நாற்றம் ஒத்துக்கொள்ளாதாம் என்று தலையைச் சொறிவார். இத்தனைக்கும் கடை அடைத்ததும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிக்கிறவன் அவன். அந்தச் சந்திப்பில் வேறு எந்தக் கடைக்காரரும் அப்படிக் குளிப்பதாகத் தகவல் இல்லை.

அப்படிப்பட்டவனுக்குக் கொஞ்ச நாளாக சர்ச்சில் பாட்டு பிசகிக்கொண்டிருந்தது. பாடகர் குழுவில் பின்வரிசையில் நிற்பவன் புத்தகத்தைப் பார்க்காமல் பெண்கள் பக்கத்து நாலாவது பெஞ்சைப் பார்த்தால் பிசகாமல் என்ன செய்யும்? அந்த பெஞ்சில் ஜாஸ்மி உட்கார்ந்திருப்பாள். புதுக்கடை ஊர்க்காரி, பேங்க் வேலை மாற்றலில் கொட்டாரத்துக்கு வந்து ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தாள். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று யாரோடும் கதை பேசமாட்டாள். நேராகப் போய் ஸ்கூட்டரை எடுத்துவிடுவாள். அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிடவேண்டும் என்று சுந்தர்சிங் துடித்தான். பேசுவதற்கு ஒரு காரணம்தான் கிடைக்கவில்லை.

பேங்குக்கு விடுமுறையான ஒரு சனிக்கிழமை, காரணம் தானே ஸ்கூட்டரில் வந்து கடை வாசலில் இறங்கியது. சுந்தர்சிங் பொட்டாஷ் மூட்டையில் சாய்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, டம்ளரை வைக்க இடம் தேடி, கடைசியில் தராசுத் தட்டில் வைத்தான். தராசு எடை காட்டியது.

"எனக்க பிள்ளையளுக்கு வளம் போடணும். என்ன போடலாம்?" என்று கேட்டாள் ஜாஸ்மி.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. உரத்துக்கு அவள் ஊர்ப் பக்கம் வளம் என்றுதான் பெயர். பிள்ளை என்றால் தென்னம்பிள்ளை. நெல்லுக்கு நாற்று, வாழைக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை என்று இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். பிள்ளைக்கு மஞ்சள் விழுகிறது, பிள்ளையை வண்டு குடைகிறது என்று காலையிலிருந்து ராத்திரிவரை ஆட்கள் வந்து கடைப்படியில் புலம்புவார்கள். யாருடைய பிள்ளைக்கும் மருத்துவம் பார்த்து அனுப்புவதுதான் சுந்தர்சிங்கின் பிழைப்பு. ஆகவே அவன் தென்னம்பிள்ளை என்று எடுத்துக்கொண்டதில் பிழை சொல்ல முடியாது. பிழை அதற்குப் பிறகு நடந்தது.

வேறு ஆள் வந்திருந்தால் அவன் குடைந்து எடுத்திருப்பான். மண் செம்மண்ணா மணலா, தண்ணீர் ஆற்றுப் பாய்ச்சலா கிணறா, எந்த இனம், எத்தனை ஓலை விட்டிருக்கிறது என்று கேட்பான்; கேள்வி தாங்காமல் சிலர் அடுத்த கடைக்கே போயிருக்கிறார்கள். அன்றைக்கு அவன் வாயிலிருந்து இரண்டே கேள்விகள் வந்தன. வயது என்ன என்றான். மூன்று மாதம் என்றாள். எத்தனை நிற்கிறது என்றான். முப்பத்தாறு என்றாள்.

முப்பத்தாறு தென்னை என்றால் அரை ஏக்கர். சுந்தர்சிங் மனதுக்குள் அந்த அரை ஏக்கரை ஒரு சுற்று சுற்றி வந்தான். வரும்போதே ஒரு மூலையில் கல்யாணப் பந்தலுக்கும் கால் நட்டுவிட்டான். யூரியா, சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ் மூன்றையும் கலந்து ஒன்றுக்கு நூறு கிராம் வைக்கலாம் என்று சொன்னான்.

"நூறு கிராமா?" ஜாஸ்மியின் கண் பெரிதானது.

அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதனுக்குக் கணக்கு எங்கே ஓடும்? கூடுதலாகத் தெரிந்தால் ஐம்பது வையுங்கள் என்றான். அவள் முகம் அப்போதும் தெளியவில்லை. சரி, பத்து என்றான். சந்தையில் மீன் விலை இறங்குவதுபோல உர அளவு இறங்கிக்கொண்டே போனது. பயமாக இருந்தால் ஒரு நுள்ளு போட்டுப் பாருங்கள் என்று கடைசியில் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினான். வருகிறவர்களுக்கு மூட்டைக் கணக்கில் சொல்கிற வாய், இரண்டு விரல் நுனியில் வந்து நின்றுவிட்டது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வேருக்குக் கல்லுப்பும் போடவேண்டும் என்றான்.

அவள் உப்பா என்று சந்தேகமாகக் கேட்டாள். நம்ம ஊரில் உப்பு போடாத பிள்ளை உண்டா என்று அவன் பெருமையாகத் திருப்பிக் கேட்டான். தென்னங்குழிக்கு உப்பு போடுவது நம் ஆட்கள் பரம்பரையாகச் செய்வது, அது உண்மைதான். செல்போனில் ஒவ்வொரு வீடியோக்காரனும் ஒவ்வொன்று சொல்லிக் குழப்புகிறான், அதனால்தான் நேரே ஆளிடம் கேட்க வந்தேன், சாயங்காலமே போட்டுவிடுகிறேன் என்று அவள் சொன்னாள். கலவையில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு சுந்தர்சிங் அடுத்து வந்த இரண்டு பேருக்குச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தான்.

சாயங்காலம் மரியஜான் அண்ணாச்சி எலி மருந்து வாங்க வந்தார். ஜாஸ்மி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அவர். வளைகுடாவில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது வாடகை வாங்குவதும் வம்பு பேசுவதுமாக இருந்தார். மாடியில் இருக்கிற பெண்ணைப் பற்றிச் சுந்தர்சிங் பட்டும் படாமலும் விசாரித்தான். அண்ணாச்சிக்கு அது போதும்.

"அது ஒரு விசித்திரமான பிள்ளையாக்கும், மக்கா. மொட்டமாடி பூரா கள்ளிய வெத போட்டு முளைக்க வச்சிருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு பயறு அளவு இருக்கும். அதுக்கு ஊசி சிரிஞ்சில எடுத்து வெள்ளம் ஊத்துது. பேங்க் விட்டு வந்ததும், எனக்க பிள்ளையளப் பாக்கணும்னு மாடிக்கு ஒரே ஓட்டமாக்கும்."

சுந்தர்சிங் எலி மருந்தை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டான். முள்ளில்லாத, இலை தடித்த அந்த அலங்காரக் கள்ளிகளை அவன் நாகர்கோவில் நர்சரியில் பார்த்திருக்கிறான். உடம்பிலேயே தண்ணீர் சேர்த்து வைத்துப் பிழைக்கிற சாதி. பெரிதாக வளர்ந்ததே உரம் கூடினால் வெந்துவிடும். பயறு அளவுக் குஞ்சுக்கு யூரியாவும் கல்லுப்பும் வைத்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அரை ஏக்கர் தென்னையும் கல்யாணப் பந்தலும் அந்த நிமிடமே சாய்ந்தன. இனி அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

அண்ணாச்சியை விட்டு அவள் எண்ணுக்குக் கூப்பிடச் சொன்னான். மணி அடித்தது, எடுக்கவில்லை. மொட்டைமாடிக்குப் போனால் போனைக் கீழே வைத்துவிட்டுத்தான் போவாள் என்றார் அவர். சுந்தர்சிங் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு பைக்கை எடுத்தான். எலி மருந்து கிடைக்காத அண்ணாச்சி என்ன ஏது என்று புரியாமல் தன் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். வேடிக்கை என்றால் அவருக்கு எந்த வயதிலும் கால் வலிக்காது.

மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாவி ஏறினான். மேலே, நிழல் வலைக்குக் கீழே உள்ளங்கை அகலச் சட்டிகள் நாலு வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் பச்சையாக, சிவப்பாக, சாம்பலாக ஒரு பொட்டு. உட்கார்ந்து பார்த்தால்தான் அதற்கு இலைகள் இருப்பது தெரியும். ஜாஸ்மி ஒரு பலகையில் உட்கார்ந்து, கையில் பொட்டலத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"போட்டாச்சா?" என்று மூச்சு வாங்கக் கேட்டான் சுந்தர்சிங்.

ஒரு வரிசைக்குப் போட்டாகிவிட்டது. அவன் காட்டியபடியே ஒரு நுள்ளு வளம், ஒரு கல் உப்பு, அதன்மேல் கொஞ்சம் தண்ணீர். இரண்டாவது வரிசையை இப்போதுதான் தொடங்கப்போகிறாள். அவன் அவள் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கி எட்ட வைத்தான். இதைச் சொல்வதற்கு நல்ல வார்த்தை எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே உள்ளபடியே சொன்னான்.

"நான் தென்னம்பிள்ளைன்னு நெனச்சிட்டேன். இது கள்ளிக்கு ஆகாது. கருகிப் போவும்."

ஜாஸ்மி அவனைப் பார்த்தாள், சட்டிகளைப் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தெரியாத ஊரில், பேசிப் பழக ஆளில்லாத வீட்டில், அவளாகத் தூவி முளைக்க வைத்தவை அவை. தூவியதில் பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை. முளைத்ததில் பாதி அழுகிப் போனது. மிஞ்சியவற்றைப் பார்க்கத்தான் தினமும் பேங்கிலிருந்து அத்தனை அவசரமாக ஓடி வருவாள். தன் அப்பாவுக்குப் பேருக்கு ஒரு தென்னைகூடக் கிடையாது என்றாள். அதற்குமேல் அவளுக்குக் கோபம் தாங்கவில்லை.

"வளம் விக்குத ஆளு, என்ன பிள்ளைன்னு ஒரு வார்த்த கேக்க வேண்டாமா?"

"வேற ஆரு வந்திருந்தாலும் கேட்டிருப்பேன்" என்றான் சுந்தர்சிங்.

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் முதல் சட்டியின் முன் குத்தவைத்து உட்கார்ந்தான். கள்ளியைப் பற்றித் தனக்கு அதிகம் தெரியாது, ஆனால் உப்பு பட்ட மண்ணில் வேர் இருக்கக்கூடாது என்பது மட்டும் தெரியும் என்றான். விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குச்சி உருவிக்கொண்டார்கள். ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து, நோண்டி, வேரோடு கிளப்பி, கிண்ணத்துத் தண்ணீரில் அலசி, செய்தித்தாளில் நிழலாகப் பரப்பினார்கள். மூட்டை தூக்கிப் பழகிய விரலில் முடியைவிட மெல்லிய வேரைப் பிடிப்பதற்குள் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. இரண்டின் வேர் அறுந்துவிட்டது. ஒவ்வொன்று அறுந்தபோதும் அவள் உதட்டைக் கடித்தாள். அவன் அவளைவிட அதிகமாகக் கடித்தான். அண்ணாச்சி மேல்படியில் உட்கார்ந்து, ஒரு கருத்தும் சொல்லாமல், கல்யாண வீட்டுப் பந்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய மண்ணைக் கொட்டி, சட்டியைக் கழுவி, புது மணலும் கரித்தூளும் நிரப்பினார்கள். இன்று காயட்டும், நாளை நட்டுக்கொள்ளலாம் என்று முடிவானது. வெயில் தாழ்ந்து, பக்கத்து வயலிலிருந்து நல்ல காற்று வந்தது. ஜாஸ்மியின் கோபம் எந்த இடத்தில் இறங்கியது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் கிண்ணத்தை நகர்த்தும்போது தன் கிண்ணத்தோடு அவனுடையதையும் நகர்த்தினாள்.

"அப்பம் இதுக்கு என்ன வளம்தான் போடணும்?" என்று கேட்டாள்.

சுந்தர்சிங்குக்குக் கடை அலமாரி ஞாபகம் வந்தது. அவன் கடையில் கடற்பாசிச் சத்து என்று ஒரு பாட்டில் உண்டு. ஊற்றினால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. வாரம் ஒரு மூடி ஊற்றுங்கள், தீர்ந்ததும் வாங்க வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாதா மாதம் அவள் கடைக்கு வருவாள். இத்தனை நாள் தேடிய காரணம் பாட்டிலில் அடைத்து அலமாரியில் இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தவன், செய்தித்தாளில் படுத்திருந்த அந்தப் பொட்டுகளைப் பார்த்தான்.

"இப்பம் ஒண்ணுமே போடாண்டாம். நிழல் கலந்த வெயிலும் கொஞ்சம் வெள்ளமும் போரும். வளந்து பெரிய சட்டிக்கு மாத்தும்போ, பூச்செடிக்கு ஊத்துத தண்ணி வளம் வாங்கி, அட்டையில போட்டிருக்க அளவுல கால் பங்கு கலக்கி ஊத்துங்க. அது எங்கிட்ட கிடையாது. நாகர்கோவில் நர்சரியில கிடைக்கும்."

"அப்பம் இனி உங்க கடைக்கு வர வேண்டாம்."

"வளத்துக்கு வர வேண்டாம்" என்றான் சுந்தர்சிங்.

ஜாஸ்மி ஈர்க்குச்சியைக் கீழே வைத்தாள். "பின்ன எதுக்கு வரணும்?"

படியில் அண்ணாச்சி இருமலை அடக்கிக்கொண்டது கேட்டது. குருத்துப் பூச்சிக்கும் இலைச் சுருளுக்கும் கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்கிற சுந்தர்சிங் படியைத் திரும்பிப் பார்த்தான். ஓடிவிடலாம் என்றால் படியில் அண்ணாச்சி வழியை அடைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னப் பாக்க வரணும்" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் குழாயில் கை கழுவினாள். ஒவ்வொரு விரலாக, மண் போக, அவசரமே இல்லாமல் கழுவினாள். சுந்தர்சிங் பிடுங்கிப் போட்ட செடிபோல அப்படியே உட்கார்ந்திருந்தான். துப்பட்டா முனையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்பினாள்.

"கடைக்கு வந்தா நீங்க ஒண்ணும் கேக்க மாட்டிய. நாளைக்கு சர்ச் விட்டதும் இஞ்ச மாடிக்கு வாங்க. கேக்க வேண்டியது எல்லாத்தையும் வந்து கேளுங்க."